கொழுப்பும் கொலஸ்ட்ராலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், எண்ணெய்ப் பாட்டில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும், முட்டை வாங்குவது நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து யாராவது ஒரு வீடியோ அனுப்புவார்கள்: 'கொலஸ்ட்ராலே ஒரு பொய், வெண்ணெயை அள்ளிச் சாப்பிடுங்கள்'. பாட்டில் மறுபடி கீழே இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சில பதில்கள் மாறும். அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதையே பிடித்துக்கொள்ளட்டும்.

கொழுப்பும் கொலஸ்ட்ராலும் ஒன்றுதானே?

இல்லை. கொழுப்பு ஓர் எரிபொருள். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரிதான். கொலஸ்ட்ராலிலிருந்து ஒரு கலோரிகூடக் கிடைக்காது, ஏனென்றால் நம் உடலால் அதை எரிக்கவே முடியாது. அது மெழுகு போன்ற ஒரு பொருள். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கிறது. வைட்டமின் டி, கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. இவ்வளவு முக்கியமானது என்பதால் உடல் அதைச் சாப்பாட்டை நம்பி விடவில்லை. தேவையானதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மிச்சமானதைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருளை முதன்முதலில் கண்டெடுத்ததும் பித்தக்கற்களிலிருந்துதான்.

உடலுக்கு இவ்வளவு தேவையான பொருள் என்றால், அதைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

பயம் அந்தப் பொருளைப் பற்றியது அல்ல, அது ரத்தத்தில் போகும் வண்டியைப் பற்றியது. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது என்பதால், கல்லீரல் அதைப் புரதம் சுற்றிய நுண்துகள்களாகக் கட்டி அனுப்புகிறது. அவற்றில் கவனிக்க வேண்டியது எல்.டி.எல். எனப்படும் துகள். ரத்தத்தில் இது அதிகமாக இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. சிக்கியதை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி, உப்பி, அவையும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படித்தான் படிவு வளர்கிறது. ஒருநாள் அதன் மேல்மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும். இதயத்துக்குப் போகும் குழாயில் அப்படி நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

இதில் அளவைப் போலவே காலமும் முக்கியம். கடனுக்கு வட்டி ஏறுவதைப் போலத்தான்: எவ்வளவு வாங்கினோம் என்பதோடு எத்தனை வருடம் ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும். 55 வயதில் வரும் மாரடைப்புக்கான கணக்கு 25 வயதிலேயே திறந்திருக்கும்.

'இதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் கட்டிய கதை' என்பவர்களுக்கு ஒரு விஷயம். எல்.டி.எல். மீதான குற்றச்சாட்டு ஒரே ஓர் ஆய்வை நம்பி நிற்கவில்லை. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் செல்களின் மேல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1985-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிக்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்து சேர்ந்த குழந்தைகளுக்குப் பதின்ம வயதிலேயே, சில நேரம் அதற்கும் முன்பே, மாரடைப்பு வந்திருக்கிறது. அவர்கள் புகைத்தவர்கள் அல்ல, வேலைப் பளுவில் தவித்தவர்களும் அல்ல. எல்.டி.எல். மட்டும்தான் எக்கச்சக்கமாக இருந்தது.

எதிர்ப்பக்கச் சான்று இன்னும் சுவாரஸ்யமானது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு அந்த ஏற்பிகளை அழிக்கும் வேலையைச் செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது சரியாக வேலை செய்யாது. அதாவது அவர்களிடம் ஏற்பிகள் அதிகம், ரத்தத்தில் எல்.டி.எல். குறைவு. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பிறந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு மற்றவர்களைவிட எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதயக் குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு! 28 எப்படி 88 ஆனது என்றால், பிறந்த நாளிலிருந்தே குறைவு என்பதால்தான். நடுவயதில் மருந்து ஆரம்பித்து எல்.டி.எல்.லை அதே அளவு குறைத்தாலும் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை.

நல்ல கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கிறதே, அது கெட்டதை ஈடுகட்டிவிடாதா?

ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினார்கள். கெட்டது என்று சொல்வது எல்.டி.எல்.லை, நல்லது என்று சொல்வது எச்.டி.எல். என்ற இன்னொரு துகளை. எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவது பல ஆய்வுகளில் தெரிந்தது. அப்படியானால் மருந்து கொடுத்து அதை உயர்த்துவோம் என்று இறங்கினார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை நன்றாகவே உயர்த்தியது, ஆனால் அதை எடுத்தவர்களில் இறப்பு கூடியதால் 2006-ல் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய மருந்தான நியாசினும் எச்.டி.எல்.லை உயர்த்தும், ஆனால் 2011-லும் 2014-லும் வெளியான பெரிய ஆய்வுகளில், எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்ததில் மாரடைப்பு குறையவில்லை.

ஆக, எச்.டி.எல். குறைவாக இருப்பது (ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்) ஓர் எச்சரிக்கைக் குறி. தொப்பை, உடலுழைப்பின்மை, புகைப் பழக்கம், அதிக ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் சுற்றும் கொழுப்பு) ஆகியவற்றோடு சேர்ந்தே அது வரும். அதிகமாக இருப்பது கவசம் அல்ல. எச்.டி.எல். 75 இருக்கிறது என்று எல்.டி.எல். 170-ஐக் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள் உண்டு. தப்பான கணக்கு அது.

அறிக்கையில் ஏழெட்டு வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மொத்த கொலஸ்ட்ரால் 228, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 190, வி.எல்.டி.எல். (கல்லீரல் ட்ரைகிளிசரைடை ஏற்றி அனுப்பும் துகள்) 38, எல்.டி.எல். 148, விகிதம் (மொத்தத்தை எச்.டி.எல்.லால் வகுத்தது) 5.4. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், விகிதத்தைத் தவிர.

ஆறு எண்கள் இருந்தாலும் இதில் நிஜமாக அளந்தது மூன்றுதான்: மொத்தம், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. மற்றவை பெரும்பாலும் கணக்குப் போட்டு எழுதியவை. ட்ரைகிளிசரைடு 190-ஐ 5-ஆல் வகுத்தால் 38, அதுதான் அந்த வி.எல்.டி.எல். மொத்தம் 228-லிருந்து 42-ஐயும் 38-ஐயும் கழித்தால் 148, அதுதான் எல்.டி.எல். 1972-ல் ஃப்ரீடுவால்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் கொண்டுவந்த இந்தச் சூத்திரத்தைப் பல ஆய்வகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இது செல்லாது, அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்க வேண்டும், அல்லது வேறு சூத்திரம் வேண்டும்.

அறிக்கையில் பல நேரம் இல்லாத ஓர் எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். 228 - 42 = 186. ரத்தக் குழாய்ச் சுவரில் சிக்கக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கிவிடும். சர்க்கரை நோயோ அதிக ட்ரைகிளிசரைடோ உள்ளவர்களுக்கு எல்.டி.எல்.லைவிட இது நம்பகமானது. எல்.டி.எல். இலக்கோடு 30 கூட்டினால் இதற்கான இலக்கு வந்துவிடும்.

மொத்த கொலஸ்ட்ராலை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அறிக்கை மில்லிமோலில் வந்திருந்தால் கொலஸ்ட்ரால் எண்களை 38.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.6.

எனக்கு எல்.டி.எல். 148. இது அதிகமா, பரவாயில்லையா?

யாருடைய 148 என்பதைப் பொறுத்தது. பொதுவான பட்டியலில் 100-க்குக் கீழ் நல்லது, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160-க்கு மேல் அதிகம், 190-க்கு மேல் மிக அதிகம். ஆனால் மாரடைப்பு வந்து மீண்டவருக்கு ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் வைக்கும் இலக்கு 55-க்குக் கீழ். அவருக்கு 148 மிக அதிகம். புகைக்காத, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக உள்ள, குடும்பத்தில் யாருக்கும் இளவயது மாரடைப்பு இல்லாத 28 வயதுக்காரருக்கு அதே 148 என்றால், முதலில் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்து சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். வயது, பால், ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பரிசோதனை முடிவை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி 'மாத்திரை வேண்டுமா?' என்று கேட்டால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா?

முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சாப்பிட்டபின் ட்ரைகிளிசரைடு கொஞ்சம் கூடும், மற்றவை பெரிதாக மாறாது. ட்ரைகிளிசரைடு ரொம்ப அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை எண்களைத் திரித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முட்டை சாப்பிடலாமா, கூடாதா?

ஆரோக்கியமாக உள்ள பெரும்பாலானோர் நாளுக்கு ஒன்று சாப்பிடலாம், மஞ்சள் கருவோடு.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மி.கி. கொலஸ்ட்ரால் இருக்கிறது, முழுக்க மஞ்சள் கருவில். 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மி.கி.க்கு மேல் கொலஸ்ட்ரால் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றது. உலகமே வெள்ளைக் கருவை மட்டும் பிரித்தெடுக்கப் பழகிய கதை அங்கேதான் சூடுபிடித்தது. பிறகு தெரிந்தது என்ன? நாம் சாப்பிடும் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. உள்ளே வருவது கூடினால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் பலருக்கு ரத்த அளவு அதிகம் அசைவதில்லை. 2015-ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு வழிகாட்டுதலில் அந்த 300 மி.கி. வரம்பை எடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் எல்லாருக்கும் உடல் ஒன்றுபோல் இல்லை. சிலருக்கு முட்டைக்குத் தகுந்தபடி எல்.டி.எல். ஏறத்தான் செய்கிறது. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கொஞ்சம் அளவோடு இருப்பது நல்லது. என்னைக் கேட்டால், பலருடைய தட்டில் பிரச்சினை முட்டையில் இல்லை; அதைப் பொரித்த வெண்ணெயிலும் பக்கத்தில் வைத்த பதப்படுத்திய இறைச்சியிலும்தான் இருக்கிறது.

அப்படியென்றால் சாப்பாட்டில் எல்.டி.எல்.லை ஏற்றுவது எது?

முக்கியமாக நிறைவுற்ற கொழுப்பு. அறை வெப்பநிலையில் பெரும்பாலும் உறைந்து நிற்கும் கொழுப்பு வகை இது: வெண்ணெய், நெய், கொழுப்புள்ள இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய், இவற்றால் செய்த கேக், பிஸ்கட் வகையறாக்கள். இது கல்லீரலில் அந்த எல்.டி.எல். ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது. துகளைப் பிடிப்பவை குறைந்தால் துகள்கள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன வரம்பு, மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 200 கலோரி, சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7 கிராம் இருக்கிறது. மூன்று கரண்டியில் அன்றைய கணக்கு முடிந்தது.

இப்போது இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 'வெண்ணெய் நல்லதா கெட்டதா?' என்று தனியாகக் கேட்டால் பதிலே கிடையாது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் நிறைவுறாத கொழுப்புள்ள (அறை வெப்பநிலையில் திரவமாக நிற்கும்) எண்ணெய், பருப்புக் கொட்டைகள், மீன் ஆகியவற்றை வைத்தவர்களுக்கு மாரடைப்பு குறைகிறது. வெள்ளை மாவையும் சர்க்கரையையும் வைத்தவர்களுக்கு உருப்படியான பலன் எதுவும் இல்லை, எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும். 'வெண்ணெய் பாவமில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்' என்று அவ்வப்போது வரும் செய்திகளில் பாதி, இந்த மாற்றுப் பொருள் என்ன என்பதைச் சொல்லாமல் விட்டதால் உண்டானவை.

இன்னொன்று. ஒரே நிறைவுற்ற கொழுப்பு எல்லா உணவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதே அளவு கொழுப்பை வெண்ணெயாகச் சாப்பிட்டால் எல்.டி.எல். ஏறும் அளவுக்குச் சீஸாகச் சாப்பிட்டால் ஏறுவதில்லை. சாக்லேட்டில் உள்ள ஸ்டீரிக் அமிலமும் எல்.டி.எல்.லைப் பெரிதாக அசைக்காது. இதை வைத்துக்கொண்டு தினமும் ஒரு பட்டை சாக்லேட் சாப்பிடலாம் என்று முடிவுகட்ட வேண்டாம், அதில் சர்க்கரையும் இருக்கிறது.

பேசாமல் கொழுப்பையே விட்டுவிட்டால்?

வேண்டாம். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடுதான் உள்ளே போகும். லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்களை உடலால் தயாரிக்கவே முடியாது. உணவில்தான் வர வேண்டும். கொழுப்பே இல்லாத தீவனம் கொடுத்த எலிகள் நோயில் விழுந்ததை 1929-லேயே அமெரிக்க விஞ்ஞானிகளான பர் தம்பதியர் காட்டிவிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. 'கொழுப்பற்றது' என்று அட்டையில் பெரிதாகப் போட்ட பொருட்களில், எடுத்த கொழுப்புக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்ந்திருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

சமையலுக்கு எந்த எண்ணெய் நல்லது?

எந்த எண்ணெயாக இருந்தாலும் கலோரி ஒன்றுதான், ஒரு மேசைக்கரண்டிக்குக் கிட்டத்தட்ட 120. 'லைட்' என்று எழுதியிருந்தாலும் அதேதான். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற வாசகத்தையும் பொருட்படுத்த வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது.

வித்தியாசம் கொழுப்பமிலங்களின் கலவையில்தான். ஆலிவ் எண்ணெயில் சுமார் 14 சதவீதம்தான் நிறைவுற்றது. பெரும்பகுதி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, அதாவது நிறைவுறாத கொழுப்பில் ஒரு வகை. சூரியகாந்தியில் நிறைவுற்றது 10 சதவீதத்தை ஒட்டி, கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலாவில் இன்னும் குறைவு. நல்லெண்ணெய் ஆலிவைப் போலத்தான், கடலை எண்ணெயில் கொஞ்சம் கூடுதல். பாமாயிலில் பாதி நிறைவுற்றது. இவற்றில் முதல் ஐந்தில் எதை எடுத்தாலும் தப்பில்லை, உங்கள் சமையலுக்கு ஒத்துவருவதை எடுங்கள். எண்ணெயைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆராய்ச்சி செய்துவிட்டு அதைத் தாராளமாக ஊற்றுபவர்களைவிட, ஏதோ ஒன்றை அளந்து ஊற்றுபவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெயை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை? அது வேறு வகைக் கொழுப்பு என்கிறார்களே?

அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயைவிட அதிகம். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (மூலக்கூறின் சங்கிலி குட்டையாக உள்ள வகை) நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்ற வாதம், ஆய்வகத்தில் பிரித்தெடுத்த ஒரு வகை எண்ணெய்க்குப் பொருந்தும். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு மற்ற நீண்ட சங்கிலிக் கொழுப்புகள் போகும் பாதையில்தான் போகிறது. 2020-ல் வெளியான, 16 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அலசலில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாக 10 மி.கி. உயர்த்தியது, எச்.டி.எல்.லை 4 மி.கி. உயர்த்தியது. எச்.டி.எல். உயர்வதால் ஈடாகாது என்று மேலேயே பார்த்தோம். ருசிக்காக ஒரு கரண்டி சேர்ப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது. மருந்து என்று நினைத்துக் காலையில் கரண்டி கரண்டியாகக் குடிப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

விதை எண்ணெய்கள் உடலில் அழற்சியை உண்டாக்கும் என்கிறார்களே?

சூரியகாந்தி, சோயா போன்றவற்றில் உள்ள ஒமேகா-6 கொழுப்பான லினோலெயிக் அமிலத்தைப் பற்றிய குற்றச்சாட்டு இது. காகிதத்தில் பார்த்தால் தர்க்கம் சரிபோலத் தெரியும்: லினோலெயிக் அமிலம் உடலில் அராகிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சிப் பொருட்கள் வரும். ஆனால் மனிதர்களுக்கு லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தால் அராகிடோனிக் அமிலம் ஏறுவதில்லை, ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளும் ஏறுவதில்லை. எல்.டி.எல். இறங்குகிறது. விதை எண்ணெயை விட்டதால் உடம்பு தேறியவர்கள் உண்மையில் விட்டது பாக்கெட் தின்பண்டங்களையும் கடைப் பொரியல்களையும். நல்லதுதான், ஆனால் புகழ் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

டிரான்ஸ் கொழுப்பு என்பது என்ன?

இந்தப் பக்கத்தில் 'அளவோடு சாப்பிடலாம்' என்ற பதில் பொருந்தாத ஒரே பொருள்.

திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் காப்புரிமை பெற்றார். மலிவு, சீக்கிரம் கெடாது, வெண்ணெய் போல இருக்கும், விலங்குக் கொழுப்பும் இல்லை. பேக்கரிகளுக்கு வேறென்ன வேண்டும்? பிற்பாடு வெண்ணெய் இதயத்துக்குக் கெட்டது என்ற பேச்சு எழுந்தபோது, நல்ல மாற்று என்றே இதைப் பலர் நம்பினார்கள். அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாவதுதான் டிரான்ஸ் கொழுப்பு. அது எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்குகிறது என்று 1990-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2003-ல் டென்மார்க் சட்டம் போட்டது: உணவில் உள்ள கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு இருக்கக்கூடாது. பிறகு பல நாடுகள் பின்தொடர்ந்தன; 2018-ல் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் இதை ஒழிக்க அழைப்பு விடுத்தது.

கடையில் நிற்கும்போது ஊட்டச்சத்து அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சில நாடுகளின் விதிப்படி, ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் '0' என்றே அச்சிடலாம். பரிமாறல் என்று அவர்கள் கணக்கிடுவது இரண்டு பிஸ்கட். எட்டு பிஸ்கட் சாப்பிட்டால் நான்கு பூஜ்யங்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 2 கிராம் ஆகிவிடலாம்! அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம்.

பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாமா?

ஒருமுறை, வடிகட்டி, சீக்கிரத்தில், தாளிக்கவோ வதக்கவோ பயன்படுத்துவதில் பெரிய ஆபத்தில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்துகொண்டே போகும். நிறம் கறுத்து, பிசுபிசுப்பாகி, நுரைத்து, முன்பைவிடச் சீக்கிரம் புகைய ஆரம்பித்தால் கொட்டிவிடுங்கள்.

ட்ரைகிளிசரைடு மட்டும் அதிகம். எண்ணெயைக் குறைத்தும் இறங்கவில்லையே?

ஏனென்றால் பெரும்பாலும் அதை ஏற்றுவது எண்ணெய் அல்ல. தேவைக்கு மேல் வரும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. மதுவும் அப்படியே. இனிப்புப் பானங்கள், பழச்சாறு, வெள்ளை மாவு, மது ஆகியவற்றைக் குறைத்து, தினமும் வேகமாக நடந்து, எடையில் 5 சதவீதம் இறக்கினாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். எல்.டி.எல். போல இது அடம்பிடிக்காது, சில வாரத்திலேயே இறங்கும். 150-க்குக் கீழ் சரி. 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் அபாயம் தொடங்குகிறது. அப்போது வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் பின்னால் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

நான் ஒல்லி, எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்கு எதற்குப் பரிசோதனை?

கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தால் தலை சுற்றாது, வலிக்காது. எதுவுமே தெரியாது. எடைக்கும் எல்.டி.எல்.லுக்கும் உள்ள தொடர்பும் பலர் நினைக்கும் அளவுக்கு வலுவானது அல்ல. சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்குப் பரம்பரையாகவே எல்.டி.எல். அதிகம்; அவர்களில் ஒல்லியானவர்கள் நிறைய. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, கண்ணிமையில் மஞ்சள் திட்டு, இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், குடும்பத்தில் 55 வயதுக்கு முன் மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சோதித்துவிடுங்கள். கண்டுபிடிக்கப்பட்டால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப்போங்கள். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.

சாப்பாட்டை மாற்றினால் எவ்வளவு இறங்கும்?

ஓட்ஸ், பார்லி, பருப்பு, பயறு, ஆப்பிள் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து நாளுக்கு 5 முதல் 10 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் இறங்கும். நிறைவுற்ற கொழுப்பை நிறைவுறாத எண்ணெயாக மாற்றுவதில் இன்னும் கொஞ்சம். ஒரு கைப்பிடி பருப்புக் கொட்டைகளும் சோயாவும் சேர்த்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவர்களுக்கு 10 முதல் 15 சதவீதம் என்று எதிர்பார்க்கலாம். எல்.டி.எல். 148 உள்ளவருக்கு அது 130-ஐ ஒட்டி வரும். 210 உள்ளவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை.

வடிகட்டும் தாள் இல்லாமல் கொதிக்கவைத்துக் குடிக்கும் காபி எல்.டி.எல்.லை ஏற்றும். காபி எண்ணெயில் உள்ள கேஃபெஸ்டால் காரணம். தாள் வடிகட்டி அதைப் பிடித்துவிடும். நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பவர்கள் மட்டும் இதைக் கவனித்தால் போதும்.

மீன் எண்ணெய் மாத்திரை?

மீன் சாப்பிடுங்கள், மாத்திரையை விடுங்கள். ஆரோக்கியமானவர்களிடம் சாதாரண மாத்திரைகளைச் சோதித்த 2018-ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடும்படியான குறைவு இல்லை. அதிக டோஸில் எடுத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பும் கூடுகிறது. ட்ரைகிளிசரைடு மிக அதிகம் உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது வேறு கதை.

ஸ்டாடின் ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கவா? பக்கவிளைவு நிறைய என்கிறார்களே?

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வழியில் ஒரு நொதியை இது தடுக்கிறது. கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுக்க ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. 1994-ல், ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேரிடம் நடந்த ஆய்வில் சிம்வாஸ்டாடின் மொத்த இறப்பையே 30 சதவீதம் குறைத்தது. அதன்பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், எல்.டி.எல். 39 மி.கி. இறங்கும் ஒவ்வொரு முறையும் பெரிய இதய, ரத்தக் குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன.

பக்கவிளைவு உண்டு. தசைவலி சிலருக்கு வரும், மிக அரிதாகத் தசை சிதையும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் முன்னதாக வரலாம். ஆனால் தசைவலிக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பக்கவிளைவால் ஸ்டாடினை நிறுத்திய 60 பேரிடம் 2020-ல் ஓர் ஆய்வு நடந்தது. சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. எந்த மாத்திரை எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய் இல்லை, நிஜமாகவே வலித்தது. காரணம்தான் மருந்து அல்ல. அவர்களில் பாதிப்பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

நிறுத்தினால் சில வாரத்தில் எல்.டி.எல். பழைய இடத்துக்கு ஏறிவிடும், அதனால் ஆமாம், பெரும்பாலோருக்கு நீண்ட காலத்துக்குத்தான். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு ஸ்டாடின், குறைந்த டோஸ், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசிடிமைப், பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. 'இயற்கையானது' என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை அதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அதில் உள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடினேதான், எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஸ்டாடினை எடுத்துக்கொண்டே அதையும் சேர்த்து எடுத்தால் டோஸ் கூடிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

20 வயதைத் தாண்டியதும் ஒருமுறை. எல்லாம் சரியாக இருந்தால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவது சகஜம், அப்போது ஒருமுறை கட்டாயம் பாருங்கள். மருந்தோ உணவு மாற்றமோ ஆரம்பித்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி. மாதாமாதம் எடுத்து எண் 4 ஏறியது, 6 இறங்கியது என்று கவலைப்படத் தேவையில்லை. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் அந்த அளவு சும்மாவே மாறும். கூடவே லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற, எல்.டி.எல். போன்ற இன்னொரு துகளை அளக்கும் பரிசோதனையை வாழ்நாளில் ஒரே ஒருமுறை எடுத்துவிடுங்கள். அது மரபணுவால் தீர்மானமாவது, சாப்பாட்டால் அசையாது, சுமார் ஐந்தில் ஒருவருக்கு அதிகம். வழக்கமான பட்டியலில் அது வராது, தனியாகக் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.